மாணாக்கர் தொழிற்றேர்வும் இல்லமும் பள்ளியும்

(காஞ்சிமாநகரில் நம் சங்கத்தின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

சங்கச் செயலாளர் அவர்கள் என்னைக் காண வந்தபொழுது, 'கல்வியின் சிறப்பு' என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டும் என்று பணித்தார்கள். யான் அதனை மறுத்து, வேறொரு பொருளை வேண்டிப் பெற்றேன். என்னை? கல்வி சிறந்தது என்பதனை நம்மவர்க்கு ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டிய காலம் கடந்துவிட்டது. தறியை அடகுவைத்தும், நகையை விற்றும் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்கள் இவ்வவையிலேயே பல உள. அவர்கள்முன் நின்று கல்வியின் பெருமையை விரித்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். கல்வி வேண்டும் என்று துணிந்த பின்னர், எக்கல்வி, எத்தொழிற்கு, யாருடைய துணிவால் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றுள் இறுதியில் நின்ற வினாவே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவு வெளிவருகின்றது. அந்நாள் தொட்டுச் சில நாள்களுக்குள் பதினோராம் வகுப்பில் இடம் பிடித்தாகவேண்டும். அச்சில நாள்களில், பதினைந்து அகவை நிரம்பிய ஒரு பிள்ளை, தன் வாழ்நாளில் எத்தொழிலைச் செய்யலாம், எதனைச் செய்ய இயலாது என்னும் வினாவிற்குப் பாதியளவு விடை எழுதிமுடிகின்றது. எழுதும் கை மட்டும் அப்பிள்ளையின் கையன்று. தந்தையார் ஒரு வரி, தாய்மாமன் ஒரு வரி, தலைமையாசிரியர் ஒரு வரி, சென்ற ஆண்டு தம் மகனைப் பெங்களூருக்கு அனுப்பிய எதிர்வீட்டார் ஒரு வரி என எழுதுகின்றனர். பிள்ளை மாற்றுச் சான்றிதழைக் கையிலேந்தி வரிசையில் நிற்கின்றது. திருமணத்திற்குப் புடைவை எடுக்க நம் ஊர்க் கடைகளுக்கு வருவார், ஒரு பட்டுப் புடைவைக்காக மூன்று மணிநேரம் கரையையும் முந்தானையையும் புரட்டிப் பார்ப்பதனை நாம் அறிவோம். மகனுக்குப் பாடப்பிரிவு எடுக்க வருவார் அரைமணி நேரத்தில் எடுத்துக்கொண்டு செல்வதனை யான் ஆண்டுதோறும் பள்ளியிற் காண்கின்றேன்.

இந்நிலை எப்பொழுது தோன்றியது? முன்னாளில் பதினோராம் வகுப்பு முடியப் பள்ளியிற் படித்து, பின்னர்க் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு என்பதனைப் படித்தனர். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. அதனால் பாதைகள் கிளைத்துப் பிரியும் இடம் கல்லூரி வாயிலிலிருந்து பள்ளி வாயிலுக்கு வந்தது. பிள்ளையின் அகவையும் குறைந்தது. நன்மை பல விளைந்தன. கல்லூரி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்பு முடியத் தம் ஊரிலோ அடுத்த ஊரிலோ படிக்க வழி பிறந்தது. ஆயினும், பிரியும் வழியில் நின்று ஆராயவேண்டிய பொறுப்பும் உடன் வந்தது. அதனை நாம் ஏற்றுக்கொண்டோமில்லை.

பாடப்பிரிவுகளின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். இவ்வவையிலுள்ள தாய்மார் பலர் அதனை யாரும் தமக்குச் சொல்லவில்லை என்று என்னிடம் கூறியதுண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றனோடு உயிரியலையோ கணினி அறிவியலையோ சேர்த்துப் படிப்பது ஒரு வகை. கணிதம் நீக்கித் தாவரவியல், விலங்கியல் படிப்பது ஒரு வகை. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஒரு வகை. வரலாறு முதலிய கலைப்பாடங்களும், தொழிற்கல்விப் பாடங்களும் வேறு வகைகள். இவற்றுள் முதலிற் கூறியதனை மக்கள் 'பர்ஸ்ட் குரூப்' என்கின்றனர். முதலாவது என்று பெயரிட்டமையால் ஏனைய பிரிவினர் பிற்பட்டார் என்னும் எண்ணமும் பிறந்துவிட்டது. எண்ணிட்டவன் வரிசைக்காக இட்டான். நாம் அதனைத் தகுதிக்காகக் கொண்டோம்.

எது எதனை அடைக்கின்றது என்பதனைக் கேளுங்கள். பொறியியற் சேர்க்கைக்குரிய தரவரிசை மதிப்பெண் 200. அதில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆதலின் கணிதத்தை விட்டார்க்குப் பொறியியல் பெரும்பாலும் எட்டாது. மருத்துவக் கல்விக்குரிய நீட் தேர்வு தமிழ்நாட்டில் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. உயிரியலிற் தேறாதார் அதனை எழுத இயலாது. இவ்விரு கதவுகளையும் எல்லாரும் அறிவர். எல்லாரும் அறியாதது யாதெனின், எப்பிரிவு படித்தார்க்கும் திறந்தே நிற்கும் கதவுகள் பல என்பது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இன்ன பிரிவு என்னும் கட்டில்லை. பட்டயக் கணக்கர் தேர்வுக்கும் இல்லை. ஆட்சிப் பணித் தேர்வுக்கு யாதேனும் ஒரு பட்டம் போதும். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்குப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன், அதனை முடித்துப் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் நுழையலாம். ஐ.டி.ஐ.யில் தொழிற்பயிற்சி முடித்தவனும் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். ஐ.டி.ஐ. என்றவுடன் முகஞ் சுளிக்கும் நம்மவர், அதிலிருந்து பொறியியற் பட்டம் வரை படி கட்டியிருப்பதனை அறியார்.

கணிதத்தையும் உயிரியலையும் ஒருங்கே எடுத்தால் இரு கதவும் திறந்திருக்குமே என்பர். உண்மை. அஃது இரண்டிலும் ஊக்கமுடைய பிள்ளைக்கு ஏற்ற பிரிவு. ஆனால், பெற்றோர் பலர் அதனைத் தேர்வது பிள்ளையின் ஊக்கம் கண்டன்று. தாம் முடிவு செய்யும் நாளை இரண்டாண்டு தள்ளிவைத்தற் பொருட்டே. அத்தள்ளிவைப்பின் சுமையைப் பிள்ளை சுமக்கின்றது.

இனிப் பள்ளிக்கூடத்தின் பங்கு யாதென ஆராய்வோம். ஆசிரியனாகிய யானே இதனைக் கூறுதல் வேண்டும். பத்தாம் வகுப்பில் 500க்கு இத்துணை மதிப்பெண் பெற்றார்க்கே முதற்பிரிவு என்று பள்ளிகள் ஒரு கோடு இழுக்கின்றன. ஒரு பள்ளியில் 400 என்பர். ஒரு பள்ளியில் 350 என்பர். கோட்டுக்கு மேலுள்ளார் விரும்பினும் விரும்பாவிடினும் உள்ளே தள்ளப்படுகின்றனர். கீழுள்ளார் எவ்வளவு விரும்பினும் வெளியே நிற்கின்றனர். இதில் ஒரு விந்தையைக் காணுங்கள். ஒருவன் தமிழிலும் சமூக அறிவியலிலும் மிக வல்லன். அப்பாடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெறுகின்றான். கணிதத்தில் ஐம்பத்தைந்து. மொத்தம் கூட்டினால் கோட்டைத் தாண்டிவிடுகின்றான். உடனே அவனைக் கணிதப் பிரிவில் அமர்த்துகின்றனர். அவன் எதில் வல்லனோ, அவ்வன்மையே அவனை அதனினின்று பிரித்துத் தனக்கு அரிதாயதன் முன் கொண்டுபோய் நிறுத்துகின்றது! மற்றொருத்தி கணிதத்தில் நூறு பெற்று, மொழிப்பாடங்களிற் குறைந்தமையால் கோட்டுக்குக் கீழே நிற்கின்றாள். அவளை நோக்கி, 'உன் மதிப்பெண்ணுக்கு இந்தப் பிரிவுதான்' என்று கூறிவிடுகின்றனர்.

பள்ளியின் குற்றம் என்று முற்றும் உரைக்கவும் மனம் ஒவ்வவில்லை. ஒரு பிரிவுக்கு இருக்கைகள் இத்துணை, ஆசிரியர் இத்துணையர் என்னும் கட்டு உண்டு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியர் விடை சொல்லவேண்டும். தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தை அறவே விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு நடத்திய வழக்கமும் இருந்தது. அதனைத் தடுத்தற்கே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொணர்ந்து, முதன்முறையாக 2018இல் நடத்தினர். இவையெல்லாம் அலுவலகத்து இடர்கள். இவற்றினும் ஆழ்ந்து பிள்ளையின் உள்ளத்தில் தைப்பது வேறொன்றுண்டு. அஃது ஆசிரியர் நாவினின்று தவறி விழும் ஒரு சொல்.

ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ, கரும்பலகையின் முன் நின்று விழித்த ஒரு சிறுமியை நோக்கி, 'உனக்குக் கணக்கு வராது' என்று ஓர் ஆசிரியர் கூறிவிடுகின்றார். அவர் அதனை மாலைக்குள் மறந்துவிடுவார். அவள் மறவாள். வீட்டிற் சென்று, 'எனக்குக் கணக்கு வராதாம்' என்று சொல்கின்றாள். அவ்வூரில் அவளுக்கு அதனை மறுத்துச் சொல்வாரில்லை. தாயும், 'எனக்கும் வராதுதான்' என்று ஆறுதல் கூறுவதாக எண்ணி அதற்குக் கைந்நாட்டு வைத்துவிடுகின்றாள். மூன்றாண்டு கழித்துப் பாடப்பிரிவு வரிசையில் நிற்கும்பொழுது, கணிதம் வேண்டா என்று அவள் தானே சொல்கின்றாள். அதனை நாம் அவளுடைய விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றோம். பிள்ளையைக் கேட்டுச் செய்யவேண்டும் என்று யான் கூறப்போகின்றேன். கூறும்முன், பிள்ளை வாயினின்று வருவதெல்லாம் பிள்ளையுடையதன்று என்பதனையும் கூறிவைத்தல் என் கடன்.

இல்லத்தின் பங்கு இதனினும் பெரிது. நம்மவர் இல்லம் என்றால் தறியை விட்டுப் பேச இயலாது. கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும் காஞ்சிப் பட்டுக்கு மூன்று நாடா வேண்டும். நெய்வார் ஒருவர் தறியில் அமர, ஒரு புறக் கரைக்கு நாடா எறிய மற்றொருவர் வேண்டும். அம்மற்றொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாயிருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் பலர், தம் தந்தையார் பக்கத்தில் அமர்ந்து கரை நாடா எறிந்தபொழுது பள்ளிக்கூடத்து மணியோசையைக் கேட்டுக்கொண்டிருந்தவரே. ஆறு அகவையிலும் ஏழு அகவையிலும் குழித்தறியில் இறங்கியவர்க்குத் தொழிற்றேர்வு என்பது ஒன்று உண்டென்பதே தெரியாது. தொழில் அவரைத் தேர்ந்தது; அவர் தொழிலைத் தேர்ந்திலர்.

1953ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாநில முதலமைச்சராயிருந்தபொழுது, தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தத்தம் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு நாடெங்கும் எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அதன்பின் சட்டங்கள் பல வந்தன. 14 அகவைக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. அவ்வகவையினரைத் தொழிலில் அமர்த்தலாகாது, பள்ளிநேரம் போக வீட்டுத் தொழிற்குத் துணைசெய்யலாம் என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தம். நம் பிள்ளைகளும் தறியை விட்டுப் பள்ளிக்கு வந்தனர்.

வந்தபின் நேர்ந்தது யாது? 'நான் பட்டது போதும். என் மகன் நாடாவைத் தொடலாகாது' என்று தந்தையர் சூளுரைத்தனர். அச்சூள் நியாயமானதே. பகல் முழுதும் குழியிற் கால் வைத்து, முதுகு வளைந்து, கண்ணொளி மங்கியவர் வேறென்ன கூறுவர்? ஆயின், நாடாவைத் தொடலாகாது என்று தொடங்கிய சூள், சில ஆண்டுகளில், பொறியியல் அன்றி வேறெதனையும் தொடலாகாது என்று முடிந்தது. 1984ஆம் ஆண்டுக்குப்பின் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் பெருகலாயின; ஒரு காலத்தில் 500க்கு மேலும் உயர்ந்தன. இடம் மலிந்தது, ஆசையும் மலிந்தது. முன்னே தந்தையின் தொழில் மகனுக்கு வந்தது. இப்பொழுது தந்தைக்குக் கிட்டாத தொழில் மகனுக்கு வருகின்றது. முன்னதனைக் குலக்கல்வி என்று வெறுத்தோம். பின்னதற்கு என்ன பெயரிடுவது? அன்றும் பிள்ளையைக் கேட்டாரில்லை, இன்றும் கேட்பாரில்லை.

யான் கற்பித்த மாணவன் ஒருவனைப்பற்றிக் கூறுகின்றேன். பெயர் வேண்டா. தந்தையார் நெசவாளர். மகனைக் கணிதமும் கணினியும் சேர்ந்த பிரிவிற் சேர்த்தார். கடைசி இருக்கையில் அமர்வான், பேசமாட்டான். அவனுடைய தமிழ்க் கட்டுரைச் சுவடியைத் திருத்தும்பொழுது பின்பக்கங்களைக் கண்டேன். கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, அன்னமும் யாளியும் உருத்திராக்கமும் மல்லிகை மொட்டும் வரைந்திருந்தான். கட்டங்களை எண்ணிப் பார்த்தால், ஜக்கார்டு அட்டையில் எவ்விடத்திற் குத்தவேண்டும் என்பது வரை கணக்கு இருந்தது. கணிதத் தேர்விற் தோற்றவன் கட்டக் கணக்கிற் பிழைத்தானில்லை! தந்தையாரை அழைத்துக் காட்டினேன். அவர் அப்பக்கங்களை நெடுநேரம் பார்த்தார். பின், 'வேண்டாம் ஐயா, இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்' என்று சுவடியை மூடிவிட்டார்.

அவர் அறிந்தது தறியின் குழியை. அவர் அறியாதது, அக்குழியைச் சுற்றி இன்று வேறு பல தொழில்கள் வளர்ந்திருப்பது. சேலத்தில் நடுவணரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறியவர் அங்கே மூன்றாண்டுப் பட்டயம் படிக்கலாம். சென்னையில் 1995 முதல் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் நடக்கின்றது. வடிவமைப்புப் படிப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இன்ன பிரிவு என்னும் கட்டில்லை. நுழைவுத்தேர்வு உண்டு, கட்டணமும் மிகுதி, அதனை மறைத்துப் பேசேன். அவன் பதினோராம் வகுப்போடு நின்று, ஓராண்டை இழந்து, சேலத்திற்குச் சென்றான். அங்கே சிறப்புறுவானோ என்பதனைக் காலமே அறியும். தந்தையார் சில திங்கள் அவனோடு பேசவில்லை. இப்பொழுது என்னைத் தெருவிற் கண்டால், அவன் விடுமுறைக்கு வந்த செய்தியைத் தாமே சொல்கின்றார்.

இதனைக் கேட்டு, எல்லாரும் தறிக்குத் திரும்புக என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. மருத்துவம் விரும்பும் மகளை மருத்துவத்திற்கே விடுங்கள். அரசுப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தார்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் கிட்டுகின்றது. யான் மறுப்பது ஒன்றே: தேராமல் தேர்தல்.

வேலை என்னும் சொல்லையும் தொழில் என்னும் சொல்லையும் நாம் ஒன்றாகவே வழங்குகின்றோம். நம் ஊர்க்கு அண்மையில் திருப்பெரும்புதூரில் நோக்கியாக் கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் தொடங்கியபொழுது, இப்பகுதிப் பெண்மக்களும் ஆண்மக்களும் திரளாகச் சென்றனர். பேருந்து வந்தது, சம்பளம் வந்தது. 2014இல் அது மூடப்பட்டது. அங்கே இருந்தவர்களுள், கையில் ஒரு தொழிற்றிறம் உடையார் வேறிடம் சென்றனர். பள்ளிப் படிப்பை மட்டும் முடித்து ஒரே பணியைத் திரும்பத் திரும்பச் செய்தவர் திகைத்து நின்றனர். வேலை கொடுத்தவர் எடுத்துக்கொள்வார். தொழில் கற்றவனோடு செல்லும். இவ்வேறுபாட்டைப் பதினைந்து அகவைப் பிள்ளைக்குச் சொல்லித்தருதல் இயலாததன்று.

பெண்மக்கள் நிலையைத் தனியே கூறவேண்டும். மகனுக்குப் பிரிவு எடுக்கும்பொழுது சம்பளத்தை நினைக்கின்றோம். மகளுக்கு எடுக்கும்பொழுது மாப்பிள்ளையை நினைக்கின்றோம். எந்தப் பள்ளி நடக்கும் தொலைவில் உளதோ அந்தப் பள்ளி. அந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு உளதோ அந்தப் பிரிவு. விரும்பிய பிரிவு மூன்று கல் தொலைவிலுள்ள பள்ளியில் இருந்தால், மகனுக்கு மிதிவண்டி வருகின்றது. மகளுக்கு 'இருப்பதைப் படி' என்னும் விடை வருகின்றது. அரசு மகளிர்க்கும் மிதிவண்டி வழங்குகின்றதே! அதனை ஓட்டிச் செல்லும் வழியை நாம் அன்றோ அடைக்கின்றோம்? மிகப் படித்தால் அதற்கேற்ற மணமகன் தேடவேண்டும் என்று அஞ்சி, நன்கு படிக்கும் மகளை இடையில் நிறுத்தும் வீடுகளையும் யான் அறிவேன். அரசுப்பள்ளியிற் படித்து உயர்கல்வி சேரும் பெண்மக்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபா வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆண்மக்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. நம் வீடுகளில் முதலில் வரவேண்டியது பணமன்று, இசைவு.

தந்தை ஒருவர் எவ்வாறு நடந்துகொள்ளலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான்; மகனும் சங்கீதம் கற்கவேண்டும் என்பது அவர் பெருவிருப்பம். தமிழ் கற்பதனால் பொருள் வருவாய் உண்டென்று அக்காலத்தில் யாரும் நம்பவில்லை. உறவினர் பலர் ஆங்கிலம் கற்பிக்கவே அறிவுறுத்தினர். மகன் உள்ளமோ தமிழிலேயே நின்றது. தந்தையார் என் செய்தார்? மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார் எங்குளர் என்று தேடி, குடும்பத்தோடு ஊர் ஊராகப் பெயர்ந்தார். இறுதியில் 1871இல் மாயூரத்திற்குத் தாமே அழைத்துச்சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். அங்கும் தம் விருப்பத்தை அவர் முற்றும் விட்டாரில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வூரில் இருப்பதறிந்து, அவரிடம் மகன் சங்கீதமும் பயில ஏற்பாடு செய்தார். ஆசிரியர்க்கு அஃது உவப்பின்று என்றறிந்தபொழுது அப்பயிற்சி நின்றது. தம் ஆசை இன்னது என்பதனை மகனுக்கு மறைக்காமல், மகன் ஊக்கத்தின்வழி நடந்த அத்தந்தை இல்லையேல், சங்க நூல்கள் பல நம் கைக்கு எவ்வாறு வந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இவ்விடத்தில் இளைஞர் சிலர் முகமலர்ந்து என்னை நோக்குகின்றனர். 'நாம் விரும்பியதே தொழில் என்று புலவரே சொல்லிவிட்டார்' என மகிழ்கின்றனர் போலும். சற்றுப் பொறுங்கள். இக்காஞ்சியில் பல்லவர் காலத்துக் கடிகையில் கல்வி பயில வந்த மயூரசர்மர் என்னும் கடம்பர், இங்கே பல்லவர் குதிரைவீரனொருவனோடு பிணங்கி, ஓதுதலை விட்டு வாளெடுத்து, பின்னர் ஓர் அரசமரபையே நிறுவினார் என்று தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. அதனைக் கேட்டு இன்றே புத்தகத்தை மூடுதல் வேண்டா! கைப்பேசித் திரையிற் கண்டு வியந்ததெல்லாம் விருப்பமாகாது. மட்டைப்பந்தும் திரைப்படமும் ஒரு வாரம் இனிக்கும். ஒருவரும் ஏவாதபொழுதும், ஒருவரும் காணாதபொழுதும், அலுப்புத் தட்டியபின்னும் எதனைச் செய்கின்றீர்களோ, அதனை உங்கள் ஊக்கம் என்று கொள்க. அதற்கு எத்துணை ஆண்டு படிக்கவேண்டும், எத்துணைப் பணம் வேண்டும், முடித்தபின் யார் வேலை கொடுப்பார் என்பவற்றை நீங்களே உசாவித் தெரிந்து, தந்தையார் முன் சொல்லுங்கள். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டில் தந்தையார் சொல்லுக்கும் இடமுண்டு. பணத்தின் எல்லையை அவரே அறிவார். யான் வேண்டுவது, இருவரும் ஒரு மாலைப்பொழுதேனும் எதிரெதிர் அமர்ந்து பேசுவதனை. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றன்று. அதற்கு ஓராண்டு முன்னர்.

இறுதியாகச் சங்கத்தாரிடம் சில விண்ணப்பங்கள். பெரியோர் பொறுத்தருள்க. இம்மேடையில் அடுக்கியிருக்கும் பரிசில்கள் யாவும் மொத்த மதிப்பெண்ணில் முதல் மூவர்க்கே உரியன. நம் சங்கத்து வட்டியில்லாக் கடனும் மருத்துவம், பொறியியல் இரண்டற்கே என்று விதி உள்ளது. தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றார் இன்னார் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நாம் இன்னும் நிறுத்தவில்லை. ஒரு சங்கம் எதற்குப் பணம் கொடுக்கின்றதோ, அதனையே தொழில் என்று அச்சங்கத்துப் பிள்ளைகள் கருதும். எதற்குக் கொடுக்கவில்லையோ, அதனை இழிவென்று கருதும். சென்ற ஆண்டு ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சிக்குக் கருவிப் பெட்டி வாங்கக் கடன் கேட்ட பிள்ளையின் விண்ணப்பம் விதியில் இல்லை என்று திரும்பியது. செவிலியம், சட்டம், பட்டயக் கணக்கு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கைத்தறித் தொழில்நுட்பம் ஆகிய அனைத்திற்கும் அவ்விதியைத் திறந்துவிடுமாறு அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் ஒன்று கொணரவேண்டுகின்றேன். அதற்குப் புதிய பணம் தேவையில்லை. இருக்கும் பணத்தின்மீதுள்ள இரண்டு சொற்களை நீக்கினாற் போதும்.

மற்றொன்று. அரசினர் 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்னும் பெயர்களில் 2022 முதல் மாணாக்கர்க்கு வழிகாட்டி வருகின்றனர். அவை பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பினர்க்கும் கல்லூரியினர்க்கும் பயன்படுவன. பாதை பிரியும் இடமோ பத்தாம் வகுப்பு. ஆதலின் ஆண்டுதோறும் தை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில், ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கும் நம் பிள்ளைகளை இம்மண்டபத்திற் கூட்டுவோம். மேடைக்குப் பெரும்பதவியினரை அழைத்தல் வேண்டா. நம்முள்ளேயே மருந்தாளுநர் உளர், வழக்குரைஞர் உளர், தொடர்வண்டி ஓட்டுநர் உளர், புடைவைக்குக் கணினியில் அச்சுரு வரைவார் உளர், செவிலியர் உளர். ஒவ்வொருவரும் கால்மணி நேரம், தாம் காலையில் எழுந்து மாலைவரை செய்வது யாது, அதற்கு என்ன படித்தோம், எவ்வளவு செலவாயிற்று, எதில் அலுப்புண்டு என்பவற்றை மறையாது சொல்லட்டும். கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும், தான் விரும்புவது யாதென ஒரு தாளில் எழுதி, பெற்றோர் காணாமல் பெட்டியில் இடட்டும். பெற்றோரும் தம் பிள்ளை எதனை விரும்புகின்றது என்று தாம் நினைப்பதனை வேறொரு தாளில் எழுதி இடட்டும். இரண்டையும் கூட்டம் முடிந்தபின் ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் கொடுத்துவிடலாம். வீட்டிற்குச் சென்று ஒத்துப் பார்த்துக்கொள்வர்.

தலைவர் அவர்கள் மண்டபத்தைக் கொடுப்பதாக இசைந்தால், வரும் தையிலேயே தொடங்கலாம். தாள்களையும் எழுதுகோல்களையும் யான் கொணர்வேன். அன்று பிள்ளைகளும் தாய்மார்களும் முன்வரிசையில் அமர்க. தந்தையர்க்குப் பின்வரிசையில் இடம் ஒதுக்கப்படும்.